எச்சரித்துவிட்டால் கடமை முடிந்ததா?
இருண்ட வீடியோ கேம்களின் முதல் திரையைப் பற்றி

2017 செப்டம்பர் 22 அன்று இணையத்தில் ஒரு வீடியோ கேம் இலவசமாக வெளியானது. பெயர் 'டோக்கி டோக்கி லிட்டரேச்சர் கிளப்'. அமெரிக்கரான டான் சல்வாட்டோ ஒரு சிறு குழுவோடு சேர்ந்து உருவாக்கியது. ஒரு பள்ளிக்கூடம், அதில் ஓர் இலக்கிய மன்றம், மன்றத்தில் நான்கு மாணவிகள், புதிதாகச் சேரும் ஒரு மாணவன். ஜப்பானிய அனிமே படங்களில் வருவதுபோல் பெரிய கண்கள், இளஞ்சிவப்பு வண்ணம், துள்ளலான இசை. விளையாடுபவருக்குப் பெரிய வேலை ஒன்றும் இல்லை. சொற்களைப் பொறுக்கிக் கவிதை எழுத வேண்டும், எந்த மாணவியோடு நெருங்கிப் பழகுவது என்று முடிவு செய்ய வேண்டும். ஆனால் இவற்றுக்கெல்லாம் முன்பாக ஓர் அறிவிப்பு வருகிறது. இந்த ஆட்டம் சிறுவர்களுக்கும் எளிதில் மனம் கலங்குபவர்களுக்கும் ஏற்றதல்ல என்கிறது அது. உங்களுக்கு 13 வயது நிரம்பிவிட்டது என்றும், மனத்தைக் கடுமையாக உலுக்கும் காட்சிகளைப் பார்க்கச் சம்மதிக்கிறீர்கள் என்றும் ஒப்புக்கொண்டால்தான் உள்ளே போகலாம்.

மேற்கொண்டு போவதற்குமுன் ஒரு வார்த்தை. இந்தக் கட்டுரையில் தற்கொலை பற்றிய பேச்சு வருகிறது. முறை பற்றிய விவரிப்பு எங்கும் இல்லை. இப்போது படிக்கும் மனநிலை இல்லாதவர்கள் பக்கத்தைப் புரட்டிவிடலாம்.

ஆட்டத்தின் முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் கலங்குவதற்கு ஒன்றுமே இல்லை. கேலி, வெட்கம், பள்ளி விழாவுக்கான ஏற்பாடு என்று பொழுது போகிறது. முதலில் வந்த அறிவிப்பை மறந்தே போகிறோம். அதன்பிறகு நாயகனின் சிறுவயதுத் தோழியான சயோரி, நெடுங்காலமாகத் தன்னை வாட்டிவரும் மனச்சோர்வைப் பற்றி வாய் திறக்கிறாள். நாமும் ஏதோ ஆறுதல் சொல்கிறோம். அடுத்து அவள் அறைக்குப் போகும்போது அவள் உயிரோடு இல்லை. இதோடு நிற்கவில்லை. விளையாடுபவரின் சொந்தக் கணினியில், இந்த ஆட்டத்துக்கான கோப்புறையில், ஒவ்வொரு மாணவியின் பெயரிலும் ஒரு கோப்பு இருக்கும். சயோரியின் கோப்பு காணாமல் போய்விடுகிறது. ஆட்டம் மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. அவள் என்று ஒருத்தி இருந்ததே இல்லை என்பதுபோல் மற்றவர்கள் நடந்துகொள்கிறார்கள். திரைக்குள் நடந்த ஒரு மரணத்தை விளையாடுபவரின் கணினிக்குள் கொண்டுவந்த இந்த உத்தி, கதைக்கலையாகப் பார்த்தால் அபாரமானது. சில மாதங்களிலேயே 10 லட்சத்துக்கும் மேற்பட்ட முறை அந்த ஆட்டம் பதிவிறக்கப்பட்டது.

எச்சரிக்கை கொடுத்தார்கள், உண்மைதான். அது யாருக்கு, எந்த நேரத்தில், எதற்குப் பயன்பட்டது? 'எளிதில் மனம் கலங்குபவர்' என்று தன்னை யார் நினைத்துக்கொள்வார்? 14 வயதுப் பையன் நிச்சயமாக நினைத்துக்கொள்ள மாட்டான். மனச்சோர்வோடு போராடும் ஒருவருக்குக்கூட, இரண்டு மணி நேரம் கழித்து வரப்போவது எது என்று அந்த வாசகத்தைக் கொண்டு ஊகிக்க முடியாது. விவரம் வேண்டுவோர் பார்ப்பதற்கு ஓர் இணைய முகவரி கொடுத்திருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஆட்டத்தைத் திறந்துவிட்ட ஒருவர் அதை நிறுத்திவிட்டு உலாவியைத் திறந்து முகவரியைத் தட்டச்சு செய்து படிப்பாரா என்பதுதான் கேள்வி.

வீடியோ கேமுக்கு முன்னால் ஏதாவது ஓர் அறிவிப்பு இருக்க வேண்டும் என்ற எண்ணம் புதிதல்ல. 1993 டிசம்பரில் அமெரிக்க செனட் சபையின் விசாரணையில் ஜோசப் லீபர்மன், ஹெர்ப் கோல் என்ற இரு உறுப்பினர்கள் 'மார்ட்டல் காம்பாட்', 'நைட் டிராப்' போன்ற ஆட்டங்களின் வன்முறையைக் கண்டித்துக் கடுமையாகக் கேள்வி எழுப்பினார்கள். அரசு சட்டம் போட்டுவிடும் என்ற பயத்தில் அடுத்த ஆண்டே கேம் நிறுவனங்கள் தாங்களாகவே இ.எஸ்.ஆர்.பி. என்ற தரப்பிரிப்பு அமைப்பை நிறுவிக்கொண்டன. ஐரோப்பாவில் 2003 முதல் பெகி என்ற முறை நடப்பில் இருக்கிறது. 3, 7, 12, 16, 18 என்று வயதை அட்டையில் அச்சிடுகிறார்கள். வயதோடு சேர்த்து வன்முறை, போதைப்பொருள், சூதாட்டம், பாலியல் என்று உள்ளடக்கக் குறிகளும் உண்டு.

இந்தக் குறிகளின் பட்டியலைப் பார்க்கும்போது ஒன்று உறுத்துகிறது. கெட்ட வார்த்தைக்குக் குறி இருக்கிறது. புகையிலைக்குக்கூட அமெரிக்கப் பட்டியலில் இடம் இருக்கிறது. தற்கொலைக்கோ, சுயகாயத்துக்கோ, மனநோய்ச் சித்திரிப்புக்கோ இரண்டு பட்டியல்களிலும் தனிக் குறி கிடையாது. பிள்ளைகள் கெட்டுப்போய்விடக் கூடாதே என்ற பெற்றோரின் கவலையிலிருந்து பிறந்த முறை இது. விளையாடுபவருக்கே ஒரு காயம் இருக்கலாம், அந்தக் காயத்தை ஒரு காட்சி கிளறிவிடலாம் என்பதை நினைத்து அமைத்ததல்ல. 40 வயதுப் பெண்மணி ஒருவருக்கு 18 என்ற எண் என்ன சொல்லும்? அவருடைய குழந்தை இறந்து ஒரு மாதம்தான் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு வேண்டிய தகவல் அந்த எண்ணில் இல்லை. அந்த இடைவெளியை நிரப்பத்தான் உள்ளடக்க எச்சரிக்கை என்ற வழக்கம் சிறு நிறுவனங்களிடையே வளர்ந்தது.

உடலுக்கான எச்சரிக்கையிலிருந்து தொடங்கினால் விஷயம் தெளிவாகும். 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் ஒளிபரப்பான 'போக்கிமான்' தொடரின் ஒரு பகுதியில், சிவப்பும் நீலமும் வினாடிக்கு 12 முறை என்ற வேகத்தில் மாறி மாறி மின்னின. அன்றிரவு சுமார் 685 பேர், பெரும்பாலும் குழந்தைகள், மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். மின்னும் ஒளியால் வலிப்பு வரக்கூடியவர்களுக்கான அறிவிப்பு வீடியோ கேம்களில் அதற்கு முன்பே வந்துவிட்டது. இன்று ஏறக்குறைய எல்லா ஆட்டங்களிலும் இருக்கிறது. எல்லாரும் அதைப் படிக்காமலே பொத்தானை அழுத்தித் தாண்டிவிடுகிறோம்.

2020 டிசம்பரில் 'சைபர்பங்க் 2077' வெளியாவதற்குமுன், அதை மதிப்புரைக்காக விளையாடிய பத்திரிகையாளர் ஒருவருக்கு வலிப்பு வந்தது. பிறர் நினைவுகளுக்குள் புகும் காட்சி ஒன்று அதில் உண்டு. அதற்காகத் தலையில் மாட்டும் கருவியில் சிவப்பும் வெள்ளையும் வேகமாக மின்னும். வலிப்பு பற்றிய எச்சரிக்கை ஆட்டத்தில் இல்லாமல் இல்லை. உரிம ஒப்பந்தத்தின் நீண்ட வாசகங்களுக்குள் புதைந்து கிடந்தது. அவர் எழுதிய பிறகு, போலந்து நிறுவனமான சிடி பிராஜெக்ட் தனி எச்சரிக்கை ஒன்றைச் சேர்த்தது. ஆட்டம் வெளியான மறுநாளே வந்த திருத்தப் பதிப்பில் அந்த மின்னலையும் மாற்றியமைத்தது. இந்த இரண்டில் எது அதிகம் பேரைக் காப்பாற்றியிருக்கும்? சந்தேகத்துக்கு இடமில்லை, மின்னலைக் குறைத்ததுதான். எச்சரிக்கை மட்டும் கொடுத்திருந்தால், வலிப்பு நோய் உள்ளவர் ஆட்டத்தையே ஒதுக்க வேண்டியிருக்கும். காட்சியைத் திருத்தியதால் அவருக்கும் அதில் ஓர் இடம் கிடைத்தது.

இனி மனத்துக்கான எச்சரிக்கைக்கு வருவோம். இங்கேதான் ஆய்வாளர்கள் சொல்லும் செய்தி பலரை ஏமாற்றமடையச் செய்தது. 2018 முதல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பெல்லெட், ஜோன்ஸ், மெக்நல்லி ஆகியோரும் பிற நாட்டு ஆய்வாளர்களும் ஒரு கேள்வியைச் சோதித்துப் பார்க்கத் தொடங்கினார்கள். துன்பமான ஒன்றைப் படிக்கவோ பார்க்கவோ போகிறோம் என்று முன்கூட்டிச் சொன்னால், அதனால் வரும் வேதனை குறைகிறதா? 2020இல் வெளியான ஓர் ஆய்வில், வாழ்க்கையில் கடுமையான அதிர்ச்சியைச் சந்தித்த 451 பேருக்கு இலக்கியத்திலிருந்து எடுத்த பகுதிகள் படிக்கக் கொடுக்கப்பட்டன. எச்சரிக்கை பெற்றவர்களுக்கு அதனால் எந்த ஆறுதலும் கிடைக்கவில்லை. தன் வாழ்க்கையின் மையமே அந்த அதிர்ச்சிதான் என்ற எண்ணத்தை எச்சரிக்கை வலுப்படுத்துவதற்கான அடையாளங்கள்கூடத் தென்பட்டன.

2023இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா பிரிட்ஜ்லண்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் அதுவரை வந்திருந்த 12 ஆய்வுகளைத் தொகுத்து அலசினார்கள். எச்சரிக்கையால் வேதனை குறையவில்லை. புரிந்துகொள்ளும் திறன் கூடவுமில்லை, குறையவுமில்லை. எச்சரிக்கையைப் படித்துவிட்டுக் காத்திருக்கும் அந்தச் சில நொடிகளில் பதற்றம் மட்டும் கூடுகிறது. எச்சரிக்கையைப் பார்த்து ஆட்கள் விலகிப் போகிறார்களா என்றால், அதுவும் பெரிதாக இல்லை. சில சூழல்களில் ஆவல் மிகுந்து இன்னும் நெருங்கி வருகிறார்கள்.

சிறுவர்கள் விஷயத்தில் இந்த ஆவல் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. நெதர்லாந்தில் 7 முதல் 17 வயது வரையான 310 பேரிடம் நடத்திய ஆய்வு ஒன்று 2009இல் 'பீடியாட்ரிக்ஸ்' இதழில் வந்தது. கற்பனையான ஆட்டங்களின் விவரக்குறிப்புகளைக் காட்டி, எதை விளையாட ஆசை என்று கேட்டார்கள். கூடுதல் வயது அச்சிட்டிருந்த ஆட்டங்களையும், வன்முறைக் குறி போட்டிருந்த ஆட்டங்களையும்தான் பிள்ளைகள் அதிகம் விரும்பினார்கள். 7, 8 வயதுக் குழந்தைகளும் அப்படியே, பெண் பிள்ளைகளும் அப்படியே. விலக்கிய கனி என்று அந்த ஆய்வுக்குத் தலைப்பு வைத்ததில் வியப்பில்லை.

இந்த முடிவுகளைக் கையில் பிடித்துக்கொண்டு, எச்சரிக்கையே வீண் வேலை, இளைய தலைமுறையைக் கோழையாக்கும் வழக்கம் என்று பேசுவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஆய்வுகள் கேட்ட கேள்வி, எச்சரிக்கை மருந்தாக வேலை செய்கிறதா என்பது. செய்யவில்லை என்ற பதிலை ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் பிஸ்கட் பாக்கெட்டில் 'நிலக்கடலை கலந்தது' என்று அச்சிடுவது கடலை ஒவ்வாமையைக் குணமாக்குவதற்காக அல்ல. அந்தப் பாக்கெட்டை எடுப்பதா வேண்டாமா என்று வாங்குபவர் முடிவு செய்வதற்காக. உள்ளடக்க எச்சரிக்கையையும் இந்த அளவுகோலால்தான் அளக்க வேண்டும். இந்தத் தகவலை வைத்துக்கொண்டு விளையாடுபவரால் எதையாவது செய்ய முடிகிறதா? முடிந்தால் அது பயனுள்ள எச்சரிக்கை. முடியாவிட்டால் நிறுவனம் தன் கையைக் கழுவிக்கொள்வதற்கான வாசகம்.

மேலே சொன்ன ஆய்வுகளில் பெரும்பாலானவை எழுத்தையும் புகைப்படத்தையும் காணொளியையும் வைத்து நடந்தவை. வீடியோ கேமின் இயல்பு வேறு. புத்தகத்தில் கொலை நடந்தால் நாம் சாட்சி. ஆட்டத்தில் பொத்தானை அழுத்துவது நம் விரல். அதே காரணத்தால், வேறெந்தக் கலை வடிவத்துக்கும் இல்லாத ஒரு வசதியும் ஆட்டத்துக்கு இருக்கிறது. அச்சாகிவிட்ட நாவலில் ஓர் அத்தியாயத்தை ஆசிரியரால் ஒவ்வொரு வாசகருக்கும் ஏற்ப மாற்ற முடியாது. ஆட்டத்தில் முடியும், அது ஒவ்வொரு முறையும் விளையாடுபவரின் விருப்பத்தைக் கேட்டுக்கேட்டு நகரும் வடிவம்.

இதை மேசையில் ஆடும் கதை விளையாட்டுக்காரர்களும் உணர்ந்திருந்தார்கள். நான்கைந்து பேர் உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாகக் கதையை வளர்த்துச் செல்லும் ஆட்டம் அது. ஜான் ஸ்டாவ்ரோபொலஸ் என்ற அமெரிக்கர் அதற்கு 'எக்ஸ் கார்டு' என்ற எளிய வழியைக் கொண்டுவந்தார். மேசை நடுவில் எக்ஸ் என்று எழுதிய ஒரு சீட்டு. கதை தாங்க முடியாத இடத்துக்குப் போகிறது என்று யாருக்காவது தோன்றினால் அவர் அந்தச் சீட்டைத் தொடலாம். காரணம் கேட்க மாட்டார்கள், அந்தக் காட்சியைத் தவிர்த்துவிட்டுக் கதை தொடரும். காரணம் கேட்பதில்லை என்பதுதான் அந்த முறையின் உயிர்.

கணினி ஆட்டத்தில் இதற்கு இணையான ஒன்றைத் தந்தது, யாரும் எதிர்பார்க்காத இடத்திலிருந்து, 'கால் ஆஃப் டூட்டி: மாடர்ன் வார்ஃபேர் 2'. 2009 நவம்பரில் வந்த இந்த ஆட்டத்தில் 'நோ ரஷ்யன்' என்று ஒரு பகுதி உண்டு. பயங்கரவாதக் கும்பலுக்குள் ஊடுருவிய உளவாளியாக, மாஸ்கோ விமான நிலையத்தில் பொதுமக்கள் சுட்டுக் கொல்லப்படும் இடத்தில் நாமும் துப்பாக்கியோடு நடக்க வேண்டும். உலகெங்கும் பெரும் கண்டனம் எழுந்தது. ரஷ்யாவில் அந்தப் பகுதியே நீக்கப்பட்டது. ஜப்பானிலும் ஜெர்மனியிலும் பொதுமக்களைச் சுட்டால் ஆட்டம் தோல்வியில் முடியும்படி மாற்றினார்கள். அந்தக் காட்சி அவசியமா என்ற விவாதம் இருக்கட்டும். ஆட்டம் தொடங்கும்போதே இப்படி ஒரு பகுதி வருகிறது, தாண்டிவிடலாமா என்று கேட்டார்கள். தாண்டினால் புள்ளியோ முன்னேற்றமோ குறையாது. இடையில் மனம் மாறினாலும் தாண்டலாம். ரத்தக்களரியைக் காசாக்கும் தொடர் என்று பெயர் எடுத்த ஒன்று இந்த ஒரு விஷயத்தில் பல மென்மையான ஆட்டங்களைவிட நேர்மையாக நடந்துகொண்டது.

2020 ஜூலையில் முன்னோட்டப் பதிப்பாக வந்த 'கிரவுண்டட்' இன்னும் ஒரு படி மேலே போனது. எறும்பளவு சுருங்கிப்போன சிறுவர்கள் வீட்டுப் புல்தரையில் உயிர்பிழைக்கும் கதை. அங்கே சிலந்திகள் லாரி அளவுக்குத் தெரியும். சிலந்தியைக் கண்டாலே உடல் நடுங்குபவர்கள் நிறையப் பேர் உண்டு. அவர்களுக்காக அமைப்புகள் பக்கத்தில் ஒரு நகர்த்துப் பட்டை வைத்தார்கள். அதை நகர்த்த நகர்த்தச் சிலந்தியின் கால்கள் குறையும், உடலின் நுணுக்கங்கள் மறையும், கடைசியில் மிதக்கும் உருண்டை மட்டுமே மிஞ்சும். ஆபத்து அப்படியே இருக்கிறது, அது துரத்தும், கடிக்கும். அருவருப்பு மட்டும் போய்விடுகிறது. 2023இல் வந்த 'லீத்தல் கம்பெனி'யில் இதையே வேறு விதமாகச் செய்தார்கள்: சிலந்தி இருக்க வேண்டிய இடத்தில் 'சிலந்தி' என்ற ஆங்கிலச் சொல் நம்மைத் துரத்தி வரும்.

சிலந்தியை மாற்றுவது எளிது, மனித உறவின் கொடுமையை எப்படி மாற்றுவது? 2021 ஆகஸ்டில் வந்த 'பாய்ஃபிரெண்ட் டன்ஜன்' இந்தக் கேள்வியில்தான் சிக்கியது. கனடாவின் மான்ட்ரியால் நகரிலுள்ள கிட்ஃபாக்ஸ் நிறுவனத்தின் ஆட்டம். வாள்களும் கத்திகளும் மனிதர்களாக மாறும், அவர்களோடு காதல் வளர்க்கலாம். வண்ணமயமான, அன்பான ஆட்டம் என்றுதான் எல்லாரும் காத்திருந்தார்கள். ஆனால் கதைக்குள் ஓர் ஆண் விடாமல் பின்தொடர்ந்து குறுஞ்செய்தி அனுப்புகிறான், வேண்டாத பரிசுகளைக் கொடுக்கிறான். மற்ற பாத்திரங்களோடு பழகுவதும் பழகாததும் நம் விருப்பம். இவனை மட்டும் ஒதுக்க முடியாது, கதையே இவனைச் சுற்றித்தான். முதல் திரையில் எச்சரிக்கை இருந்தது. பின்தொடர்தல் முதலியவை பற்றிய குறிப்புகள் இடம்பெறக்கூடும் என்ற தொனியில் அது எழுதப்பட்டிருந்தது. எங்கோ ஓரிடத்தில் பேச்சுவாக்கில் வரும் என்று நம்பி உள்ளே போனவர்கள், தாங்களே பின்தொடரப்படுபவராக வாழ வேண்டியிருந்தது. நிஜ வாழ்க்கையில் அதை அனுபவித்தவர்கள் கொதித்தெழுந்தார்கள்.

நிறுவனம் தவறை ஏற்று மன்னிப்புக் கேட்டது. கதையிலேயே இவை நடக்கின்றன என்று வெளிப்படையாகச் சொல்லும்படி வாசகத்தைத் திருத்தியது. கதையை மாற்றவில்லை. அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். அந்தக் கதை சொல்லப்பட வேண்டியது; பின்தொடர்பவனின் பசப்பு எப்படி இருக்கும் என்று காட்டுவதில் அதற்கு ஒரு நோக்கம் இருந்தது. கோபக்காரர்கள் சிலர் அந்தப் பாத்திரத்துக்குக் குரல் கொடுத்த நடிகரையே இணையத்தில் வசைபாடினார்கள். அதில் துளியும் நியாயம் இல்லை. ஆனால் இதே ஆட்டத்தின் தொடக்கத்தில், கதைநாயகரின் அம்மா அனுப்பும் குறுஞ்செய்திகள் வேண்டுமா வேண்டாமா என்று கேட்கிறார்கள். தாயை இழந்தவர்களும், தாயோடு கசப்பு உள்ளவர்களும் இருப்பார்கள் என்று யோசித்து வைத்த கேள்வி அது. ஆட்டம் முழுவதிலும் என் மனத்தைத் தொட்ட இடம் அதுதான். அம்மாவின் செய்திக்குக் காட்டிய அக்கறையைப் பின்தொடர்பவனின் செய்திக்கும் காட்டியிருந்தால் இத்தனை வலி நேர்ந்திருக்காது.

எச்சரிக்கையை ஆட்டத்தின் முகப்பில் கடைசி நேரத்தில் ஒட்டாமல், ஆட்டத்தை உருவாக்கும்போதே அதைப் பற்றி யோசித்தவர்கள் என்றால் 'ஹெல்பிளேட்: செனுவாஸ் சாக்ரிஃபைஸ்' குழுவைச் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் உள்ள நிஞ்ஜா தியரி நிறுவனம் 2017 ஆகஸ்டில் வெளியிட்டது. செனுவா என்ற பழங்காலப் பெண் வீரரின் காதில் எப்போதும் குரல்கள் கேட்டுக்கொண்டே இருக்கும். சில குரல்கள் ஏசும், சில பயமுறுத்தும், ஒன்றிரண்டு வழி சொல்லும். ஹெட்போன் மாட்டி விளையாடும்போது அந்தக் குரல்கள் இடப்பக்கமும் வலப்பக்கமும் பின்னந்தலையிலும் நகர்கின்றன. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் மனநலப் பேராசிரியர் பால் ஃபிளெச்சர் இதற்கு ஆலோசகர். வெல்கம் அறக்கட்டளை நிதி உதவியது. எல்லாவற்றையும்விட முக்கியம், இத்தகைய குரல்களோடு வாழ்ந்துவரும் மனிதர்களை அழைத்து உட்காரவைத்து, அவர்கள் கேட்பது இப்படித்தான் இருக்குமா என்று திரும்பத் திரும்பக் கேட்டுத் திருத்தினார்கள். ஆட்டத்தின் தொடக்கத்தில், இதில் மனப்பிறழ்வுச் சித்திரிப்பு வருகிறது, அதை அனுபவித்தவர்களையும் பிறரையும் இது வருத்தக்கூடும் என்று நேரடியாகச் சொல்லி, உதவி நாட ஓர் இணைய முகவரியும் தந்தார்கள். 2018இல் அந்த ஆட்டம் ஐந்து பாஃப்டா விருதுகளைப் பெற்றது. 2015இல் 'லைஃப் இஸ் ஸ்ட்ரேஞ்ச்' ஆட்டத்தின் இரண்டாம் பகுதி, ஒரு மாணவியின் தற்கொலை முயற்சியைக் காட்டிய பின், உதவி கிடைக்கும் முகவரியோடு முடிந்ததையும் இங்கே நினைக்கலாம். கலங்கியவரைக் கலங்கிய இடத்திலேயே விட்டுவிட்டுப் போகாத நாகரிகம் அது.

எச்சரிக்கை கதையின் திருப்பத்தைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பது படைப்பாளிகளின் பெரிய வாதம். அதை அலட்சியம் செய்ய முடியாது. டோக்கி டோக்கியின் பலமே அந்த எதிர்பாராத திருப்பம்தான். ஒரு மாணவி இறந்துபோவாள் என்று முதல் திரையிலேயே எழுதினால் ஆட்டமே இல்லை. இதற்கு அவர்களே ஒரு விடை கண்டுபிடித்தார்கள். 2021 ஜூனில் 'டோக்கி டோக்கி லிட்டரேச்சர் கிளப் பிளஸ்' என்று விரிவான பதிப்பு வந்தபோது, உள்ளடக்க எச்சரிக்கைகளை ஆட்டத்துக்குள்ளேயே வைத்து, வேண்டுவோர் அவற்றை இயக்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். இயக்கினால், கடுமையான காட்சி வருவதற்குமுன் அறிவிப்பு வரும். இயக்காதவர்களுக்குத் திருப்பம் திருப்பமாகவே இருக்கும். இரண்டு வகையினருக்கும் ஒரே ஆட்டத்தில் இடம் கிடைத்துவிட்டது. இவ்வளவு எளிய தீர்வு இருக்கும்போது, கலையா கருணையா என்று பட்டிமன்றம் நடத்துவதில் பொருளில்லை.

இந்த ஆட்டத்தோடு ஒரு துயரச் செய்தியும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 2018இல் இங்கிலாந்தின் வட பகுதியில் ஒரு பதின்பருவச் சிறுவனின் இறப்பை விசாரித்த அதிகாரி, அவன் விளையாடிய ஆட்டங்களில் இதுவும் ஒன்று என்று அறிந்து எச்சரிக்கை விடுத்தார். பள்ளிகள் பெற்றோருக்குக் கடிதம் அனுப்பின. ஓர் ஆட்டத்தால் ஒரு பிள்ளை இறந்துவிட்டான் என்று சுருக்கிப் பேசுவது தவறு. தற்கொலைக்கு ஒற்றைக் காரணம் கிடையாது; ஊடகங்கள் அப்படி எழுதக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனமே வலியுறுத்துகிறது. அதே சமயம், 13 வயது ஆகிவிட்டது என்று ஒரு சிறுவன் தானே அழுத்தும் பொத்தானைப் பாதுகாப்பு என்று அழைக்கவும் கூடாது.

அந்தப் பொத்தானைக்கூடப் பார்க்காதவர்கள் ஏராளம். டோக்கி டோக்கி பரவியதே யூடியூப் வழியாகத்தான். பிரபலமான ஒருவர் விளையாடுவதை லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள். முழுக் காணொளியில் தொடக்க அறிவிப்பு வரலாம். அதிலிருந்து அதிர்ச்சியான காட்சியை மட்டும் வெட்டியெடுத்து ஒரு நிமிடக் காணொளியாகப் போடும்போது அறிவிப்பு எங்கே இருக்கிறது? நம் பிள்ளைகள் பெரும்பாலும் இந்த வழியாகத்தான் இருண்ட ஆட்டங்களைச் சந்திக்கிறார்கள். கணினியோ பணமோ அதற்குத் தேவையில்லை, அம்மாவின் கைபேசி போதும்.

இந்தியாவில் திரைப்படத்துக்குச் சான்றிதழ் உண்டு. 2023இல் வந்த திருத்தச் சட்டம் யு/ஏ பிரிவை 7, 13, 16 என்று மூன்றாகப் பிரித்தது. ஒரு வீடியோ கேமின் கதையைப் பார்த்து வயது சொல்லும் வாரியம் நம் நாட்டில் இல்லை. கூகுள் பிளேயில் நாம் பார்க்கும் 12+, 16+ என்ற எண்கள், ஆட்டத்தைத் தயாரித்தவர் நிரப்பித் தரும் வினாத்தாளின் அடிப்படையில் பன்னாட்டு முறை ஒன்று தருபவை. ஸ்டீம் என்ற கேம் விற்பனைத் தளத்தில் தயாரிப்பாளரே தம் சொற்களில் எழுதும் உள்ளடக்கக் குறிப்பு ஒன்று இருக்கும். ஆட்டத்தின் பக்கத்தில் கீழே போய்ப் பார்க்க வேண்டும். 2010இல் தொடங்கிய 'டஸ் தி டாக் டை' என்ற இணையதளம் இதைவிட உதவும். படத்தில் நாய் செத்துப்போகிறதா என்ற ஒற்றைக் கேள்வியோடு தொடங்கிய அந்தத் தளத்தில், இன்று வீடியோ கேம் உட்பட எந்தப் படைப்பில் எது வருகிறது என்று பார்த்தவர்களே வாக்களித்துச் சொல்கிறார்கள். பிள்ளை ஓர் ஆட்டத்தின் பெயரைச் சொன்னால், வேண்டாம் என்று தடுப்பதற்குமுன் அந்தத் தளத்தில் ஒரு முறை தேடிப் பாருங்கள். தடுத்தால் ஆசை கூடும் என்று நெதர்லாந்துப் பிள்ளைகள் சொல்லிவிட்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்து, இதில் இன்ன காட்சி வருமாம், பார்க்கலாமா, தாண்டிவிடலாமா என்று கேட்பது மேல்.

தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் புலம்பெயர்ந்த ஊர்களிலும் இன்று ஆட்டம் உருவாக்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். போரையும் சாதிக் கொடுமையையும் குடும்பத்துக்குள் நடக்கும் வன்முறையையும் அவர்கள் ஆட்டமாக்க வேண்டும். அவற்றைச் சொல்லாமல் விடுவதுதான் பெரிய இழப்பு. அவர்களிடம் ஒரு வேண்டுகோள். முதல் திரையில் பொதுவாக ஒரு வரி எழுதிவிட்டு நகராதீர்கள். என்ன வருகிறது என்று பெயர் சொல்லி எழுதுங்கள், அதை விரும்பியவர் மட்டும் திறந்து படிக்கட்டும். காட்சிக்குச் சற்று முன்னால் மறுபடி கேளுங்கள். தாண்டிப் போகிறவருக்குப் புள்ளியைக் குறைக்காதீர்கள். உதவி எண் கொடுப்பதானால் விளையாடுபவரின் ஊருக்கு ஏற்ற எண்ணைக் கொடுங்கள். மதுரையில் உள்ளவருக்கு லண்டன் எண் உதவாது.

மனம் தளர்ந்திருக்கும் எவரும் இந்தியாவில் 14416 என்ற டெலி மனஸ் எண்ணை இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழில் பேசலாம். இலங்கையில் தேசிய மனநல நிறுவனத்தின் எண் 1926.